நுழைவு இலவசம்

காலை எட்டரைக்கே வரிசை
துறைமுக வாயிலைத் தாண்டி பீச் ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிட்டது.
தோளில் தண்ணீர்க் குப்பி தொங்கப் பள்ளிப் பிள்ளைகள்.
பட்டாணிச் சுண்டல் ஒருவன்.
பையைத் தடவிப் பார்த்த காவலர்
"கப்பல் பாக்கவா, தனியாவா?" என்றார்.
"ஆமா, தனியாத்தான்."

ரெமிஜியுஸ் என் அண்ணன்.
நீர்மூழ்கிக்குள் போனபோது வயது பத்தொன்பது.
கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான்:
இங்கே மூன்று பேருக்கு ஒரு படுக்கை.
முந்தினவன் எழுந்து போன சூடு ஆறுமுன்
நான் ஏறிப் படுக்கிறேன்,
அடுத்தவனுக்கு என் சூட்டை விட்டுப் போகிறேன்.
அம்மாவிடம் சொல்லாதே, பாய் அனுப்பிவிடுவாள்.

போரில், என்று மட்டும் சொன்னது தந்தி.
அம்மா பகைவன் நாட்டைச் சபித்தாள்,
ராயபுரம் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றி,
ஒன்பது வருடம், சாகும்வரை.
ஒவ்வொன்றும் பலிக்கக்கூடிய சாபம்.
முகவரிதான் தப்பு.

அவள் போனபின் வந்தது இன்னொரு கடிதம்.
எனக்கு எட்டாத இங்கிலீஷ்.
வக்கீல் குமாஸ்தா தேசிங்கு
நாலாம் பத்தியில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.
"நட்புச் சூடுன்னு போட்டிருக்காம்மா.
நம்ம கப்பல்தான். இருட்டுல, எதிரின்னு நெனச்சி."
கப்பலின் பெயரையும் படித்தார்.

நட்புச் சூடு.
எங்கள் வீட்டில் சூடு என்றால்
நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது.

படி குறுகல். சேலையைத் தூக்கிச் செருகி ஏறினேன்.
மேல்தளத்தில் ஒரு மாலுமி, மீசை இன்னும் கூடிவராதவன்,
வெள்ளை உடுப்பு முதுகில் நனைந்து ஒட்ட
விளக்கிக்கொண்டிருந்தான்:
பீப்பா மாதிரி இருக்கும், இங்கேர்ந்து வீசும்,
தண்ணிக்குள்ள ஆழம் போய்த்தான் வெடிக்கும்.
முன்வரிசைப் பையன் கேட்டான்,
"நெஜமாவே எப்பவாச்சும் போட்டிருக்கா?"
"ஒரே ஒரு வாட்டி. குறி தப்பல."

பிள்ளைகள் கைதட்டினார்கள்.
நானும் தட்டியிருந்தேன்,
இரண்டு தட்டு,
எனக்குத் தெரியுமுன்.

பிறகு கைப்பிடிக் கம்பியில்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
கொதித்தது.
"பெயின்ட்டு, பெயின்ட்டு, தொடாதீங்கம்மா!"
ஓடிவந்தான் அந்தப் பிள்ளை,
தன் கைக்குட்டையையே நீட்டினான்.

சாம்பல் நிறம். நாலு நாளாகிறது.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடுமாம்,
எதிர்வீட்டு மார்சலின் சொல்கிறாள்.
ரேஷனில் மண்ணெண்ணெய் திங்கட்கிழமைதான்.