உதிரி

இடுக்கிக்குப் பொறுமை கிடையாது.
ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தினால்
கல் தெறித்துவிடும்,
பட்டாணி உரிக்கும்போது ஒன்று ஓடுமே, அப்படி.

அரை காரட்டுக்குக் கொஞ்சம் மேல்.
ராக் க்ரீக் சரளையில் கிடைத்த நீலக்கல்.
நீலம் என்று பேருக்குத்தான்;
பனிப்புயலுக்கு முந்தின பிற்பகல் வானத்தை
எஃகில் ஊறப்போட்டால் வரும் நிறம்.
பிலிப்ஸ்பர்க்கில் வாளிக் கணக்கில் சரளை விற்கும் டெல்மர் சொன்னான்:
பட்டை தீட்டும் கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும்.
தாண்டியது.

இப்போது அது சமையலறைத் தரையில் எங்கோ.

நான் ப்யூட் நகருக்கு மேலே மலைச்சாலையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
ஒரு நடைக்கு ஐந்து டன் உப்பு இறைப்பேன்.
அதில் ஒரு பிடி பூட்ஸோடு வீட்டுக்கு வந்துவிடும்.
விளக்கை அணைத்து, டார்ச்சைப் படுக்கவைத்து,
கன்னத்தைத் தரையில் ஒட்டிப் பார்த்தேன்.
இரவு விமானத்திலிருந்து தெரியும் ஊர் மாதிரி
எங்கு பார்த்தாலும் மினுக்கம்.

ஒவ்வொன்றாக விரலில் ஒற்றி நாக்கில் வைத்தேன்.
கரித்தது. உப்பு.
கரித்தது. உப்பு.
கரையவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது,
பூனையின் மணல். துப்பினேன்.
கரித்தது.

கர்டிஸ் ஒற்றைக் காலுறையோடு வாசலில் வந்து நின்றான்.
மணி எத்தனை என்றான்.
நாற்பத்திரண்டு என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை
எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கேள்வியைக் கேட்காதவன் அவன் ஒருவன்தான்.
இதை ஏன் மோதிரத்தில் பதிக்கவில்லை?
பல் மருத்துவர் கேட்டார்,
என் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டு.
கர்டிஸின் அக்கா வெர்னா
வருடம் தவறாமல் வான்கோழி விருந்தில் கேட்பாள்,
குழம்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே,
யார் போட்டுக்கொள்ள இதெல்லாம் என்று.

பதித்த கல்லுக்கு முகம் மட்டும்தான்.
முதுகு உலோகத்துக்குப் போய்விடும்.
பதிக்காததைப் புரட்டலாம்.
இதன் அடிப்பக்கம் பட்டு இழை போல ஊசிகள்,
ஒரு மூலையில் கைநாட்டு மாதிரி ஒரு மங்கல்:
கை என்று ஒன்று உலகத்தில் வருமுன்னே
வைத்த கைநாட்டு.
உதிரி என்றால் எதிலிருந்தோ உதிர்ந்தது
என்று நினைக்கிறார்கள்.
இவை எதிலும் இருந்ததில்லை.

உறிஞ்சு குழாயின் வாயில் பழைய ஸ்டாக்கிங்கைக் கட்டி
அடுப்புக்கு அடியில் விட்டேன்.
ஒரு சட்டைப் பொத்தான்.
ரத்த அழுத்த மாத்திரையில் பாதி.
ஆயிரம் துண்டுப் புதிர்ப்படத்தில் வானத்தின் ஒரு துண்டு,
அது இல்லையென்று மீதியைத் தூக்கிப் போட்டு
நாலு வருடம் ஆகிறது.
கல் இல்லை.
வெறும் டப்பாவை வெறும் டப்பாவாகவே
வரிசையில் வைத்தேன்.

மார்ச் இரண்டாம் வாரம்,
பணிமனையில் பூட்ஸைக் கழற்றித் தட்டினேன்.
இடது குதிகால், ரப்பர் பள்ளம்,
இரண்டு சரளைக்கு நடுவே, முகம் கீழே.
எந்தப் பொற்கொல்லனும் இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்க மாட்டான்.
பதிக்கவே மாட்டேன் என்று வைத்திருந்த கல்
தானாகப் போய்ப் பதிந்துகொண்டிருக்கிறது,
கிளட்ச் மிதிக்கும் காலில்.
ஹோம்ஸ்டேக் கணவாயை எத்தனை முறை ஏறி இறங்கியதோ.
வெர்னாவின் வெள்ளைக் கம்பளத்தையும் மிதித்திருக்கிறது.

பையிலிருந்த லென்ஸை எடுத்தேன்.
ஒரு கீறல் இல்லை.
கைநாட்டு அப்படியே.

கொஞ்ச நேரம் அதை எடுக்காமல்
பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
அடுத்த வண்டிக்காரன் இங்வால்ட்
ஆணி குத்திவிட்டதா என்று கேட்டான்.
ஆமாம் என்றேன்.
பிறகு மதிய உணவு டப்பாவின் முள்கரண்டியால் நெம்பினேன்.
இடுக்கியை நம்பவில்லை.

மணி எத்தனை என்று
கர்டிஸ் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பதில்லை.
சுவரைப் பார்த்துக்கொள்கிறான்.