மிதக்கும் கால்

சலவன்பேட்டையில் எங்கள் சந்துக்கு
எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
எந்நேரம் என்று குழாய் சொல்வதில்லை.
இரவு ஒன்றரைக்கும் வரலாம், விடியல் நாலுக்கும்.
வந்தால் நாற்பது நிமிஷம்.

போன முறை தூங்கிவிட்டேன்.
முனீரா அக்கா கதவைத் தட்டியிருக்கிறாள்,
ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை.
லாரித் தண்ணீருக்குக் காசு எண்ணும்போது தோன்றியது:
இந்தப் பணத்துக்கு இரண்டு சில்லு வாங்கலாமே.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஜோடி எண்ணுகிறவள் நான்.
இடது, வலது, டப்பா.
எண்ணத் தெரிந்தால் போதும், நிரல் எழுதலாம் என்று
எங்கோ படித்தேன். பொய்.

பார்சலில் வந்தது. கறுப்பு. எட்டுக் கால்.
மொச்சைக்கொட்டையை விடச் சின்னது.
ஓர் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் குழி,
ஒன்றாம் கால் அந்தப் பக்கம்.
குழியைப் பார்க்காமல் திருப்பிச் செருகினேன்.
அரை நிமிஷத்தில் விரல் சுட்டது.
ஒரு வரி நிரல்கூட வாங்கிக்கொள்ளாமல்
முதலாவது போய்ச் சேர்ந்தது.

இரண்டாவதைத் தொடுமுன்
கையைப் புடவையில் மூன்று தரம் துடைத்தேன்.
தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்.
அரைப்புள்ளி விசை அமுங்கினால் எழுந்திருக்காது,
ஹேர்பின்னால் நெம்ப வேண்டும்.
இந்த மொழியிலோ
வரிக்கு வரி முடிவில் அரைப்புள்ளி.

ஏற்று; நெம்பு.
ஒரு நொடி பொறு; நெம்பு.
அணை; நெம்பு.

பதினொன்றே காலுக்கு சிவப்பு விளக்கு சிமிட்டியது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.
பேட்டரி செத்த லேப்டாப்பும் கூடவே போனது.
சந்து முழுக்க இருட்டு, அனல்,
யாரோ மின்வாரியத்தைத் திட்டும் சத்தம்.
மூன்று சின்ன பேட்டரியை நம்பி
அது மட்டும்
நான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் குழாய் வாயில் இரண்டு கம்பி,
நடுவே ஒரு நெல் இடைவெளி.
தண்ணீர் தொட்டால் பஸ்ஸர் கத்த வேண்டும்.
தொடாமலே கத்தியது.
கையைக் கிட்டே கொண்டுபோனால் ஆம் என்றது,
நகர்ந்தால் இல்லை,
சும்மா நின்றால் இரண்டும்.
எதனோடும் கட்டாத கால் மிதக்குமாம்,
காற்றில் போவதையெல்லாம் பதிலாகச் சொல்லுமாம்.
என்னைப் பெண் பார்க்க வந்த வருஷம்
நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.
பழுப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட
ஒரு ரெசிஸ்டர் போதுமாயிருந்தது இதற்கு.

ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணி.
பஸ்ஸர் அலறியது.
சந்து எழுந்தது. குடம், பக்கெட், டிரம்,
தயாளமூர்த்தி வீட்டு எண்ணெய்ச் சட்டிகூட.
குழாய் வாயில் ஒரு பல்லி,
கம்பிக்குக் கம்பி கால் வைத்து
பழைய ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது.
"எந்தத் திசையில் சொன்னது, பஞ்சாங்கம் எடுக்கவா"
என்றார் தயாளமூர்த்தி.
சிரித்தவர்கள் குறைவு.

ஒரே ஒரு தரம் கேட்டு நம்பியது என் பிழை.
இப்போது நொடிக்கு ஒருமுறை, பத்து முறை கேட்கிறேன்:
ஈரமா? ஈரமா?
பத்துக்கும் ஆம் என்றால்தான் சத்தம்.
எந்தப் பல்லிக்கும் அத்தனை பொறுமை கிடையாது
என்று ஒரு கணக்கு.

எட்டு போய் ஒன்பதாம் நாள்.
முதலில் குழாய் இருமியது, துருவாகத் துப்பியது.
நான் எண்ணினேன், சில்லும் எண்ணியது.
அலறியது.
ஒரு கதவும் திறக்கவில்லை.

என் டிரம்மில் பாதி நிறைத்துவிட்டு
முனீரா அக்கா கதவைத் தட்டினேன்.
"பல்லியா?" என்றாள் உள்ளேயிருந்து.
பதில் சொல்லவில்லை.
நிறைகுடத்தை அவள் வாசற்படியில்
ணங்கென்று வைத்தேன், தளும்பட்டும் என்று.

தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக விழுந்தது.
பஸ்ஸர் மட்டும் ஓயவில்லை.
எப்போது நிறுத்துவது என்று
நான் எழுதவே இல்லை.