காலிக் கட்டம்

டுலூத். ஏரியிலிருந்து மூடுபனி
ஜன்னல்வரை வந்து நிற்கிறது.
முதியோர் இல்லத்தில் மூன்றாம் நாளாகப்
பதிவேடு புரட்டுகிறேன்.
அரசாங்க ஆய்வாளர் என்பதால்
காப்பி சூடாக வருகிறது,
கொண்டுவருபவர் கண் மட்டும்
என் பக்கம் வருவதில்லை.

பதினான்காம் அறை, ஆர்வோ லேத்தினன்.
துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றியவர்,
பக்கவாதத்தில் பேச்சு போனவர்.
ரத்தம் உறையாமலிருக்க
தினமும் மாலை ஐந்துக்கு ஒரு மாத்திரை.
மே மாதம் ஒரு நாள் தப்பவில்லை:
முப்பத்தொரு கட்டம், முப்பத்தொரு கையெழுத்து.
பட்டாணி எத்தனை கரண்டி தின்றார்,
எத்தனை முறை மலம் போனார்,
எல்லாம் இருக்கிறது.

திங்கள்தோறும் ரத்தம் எடுக்க வேண்டும்.
இருபத்தாறாம் தேதி போர்வீரர் நினைவு நாள்;
ஆய்வகத்து வண்டி வரவில்லை.
அடுத்த திங்கள் வண்டி வந்தது.
சீட்டு அதற்குள்
'முடிந்தவை' கோப்பில் ஏறிப் படுத்துவிட்டது.
இடையில் சிறுநீர்த் தொற்றுக்கென்று
வேறொரு மருந்து.
இரண்டும் கூடினால் ரத்தம் நீர்த்துப்போகும் என்று
மருந்துக்கடைக்காரர் தொலைநகல் அனுப்பியிருக்கிறார்.
அதன்மேல் யாரோ கோப்பை வைத்த வட்டம்.

தப்பாகக் கொடுத்த மாத்திரைக்கு
ஒரு கை இருக்கும், ஒரு நேரம் இருக்கும்.
செய்யாமல் விட்டதற்கு என்ன இருக்கிறது?
யாரைக் கேட்டாலும்
"அன்றைக்கு நான் விடுப்பு" என்கிறார்கள்.
பொய்யில்லை. வருகைப் பதிவேட்டையும் பார்த்துவிட்டேன்.

குளியல் தாளில், ஜூன் மூன்று,
ஹோடான் என்ற உதவியாளர் எழுதுகிறாள்:
"இடுப்பு கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருக்கிறது.
சொன்னேன்."
யாரிடம் என்று இல்லை.
நாலாம் தேதி தலையணையில் ஈறு ரத்தம்.
ஐந்தாம் தேதி ஆம்புலன்ஸ்.
ஆறுக்குப் பிறகு தாளே இல்லை.

மூடப்போன பதிவேட்டில்
அதே சாய்ந்த எழுத்து, மே இருபத்தாறு:
"காலை உணவுக்கு வரவில்லை.
இடது சட்டைக் கையை
முழங்கைக்கு மேல் சுருட்டி வைத்துக்கொண்டு
மதியம்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.
குளிருமே என்று இறக்கிவிட்டேன்.
மறுபடி சுருட்டிக்கொண்டார்.
காரணம் தெரியவில்லை."

என் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
குடியிருப்பவரால் தன் தேவையைத்
தெரிவிக்க முடியுமா? ஆம். இல்லை.

பேனாவை மூடிவிட்டு
ஹோடானைப் பார்க்க வேண்டும் என்றேன்.
போன வாரமே
வேலையை விட்டுப் போய்விட்டாளாம்.