உருகிய நீரின் கணக்கு

மீன் சந்தைக்குப் பின்னால்
நிழல் எட்டாத மணலில்
ஆறு கட்டி ஐஸ் வைத்தோம்.
ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. தராசு சாட்சி.
ஒழுகுவதை ஏந்த
ஆறு மூதூர்த் தயிர்ச்சட்டி.

நிஸ்தாருக்கு இது விளையாட்டில்லை.
போன கிழமை அவன் லொறியில் ஏறிய பாரை
ஹபரணை தாண்டமுன் கண் கலங்கிவிட்டது.
தம்புள்ளையில் மூக்கைச் சுளித்துத் திருப்பினார்கள்.
புதிய ரெஜிபோம் பெட்டிக்குக் காசில்லை,
கந்தளாய் மில்லில் உமி சும்மா கிடக்கிறது.
"அளந்து பாப்பம்" என்றேன்.
ஐஸ் ஆலையில் பற்றுச்சீட்டு எழுதுகிறவளுக்கு
கோடு போட்ட கொப்பி கைக்குள்தானே.

ஒரு கட்டி வெயிலில் அம்மணமாய்.
ஒன்று மரத்தூளுக்குள், ஒன்று உமிக்குள், நாலு விரல் கனத்தில்.
ஒன்று, மூலை உடைந்த ரெஜிபோமில்.
பேப்பர் ஏழு சுற்று ஒன்றுக்கு.
கடைசிக்கு என் நுவரெலியாக் கம்பளி.

"ஐசுக்குக் குளிருதாமோ பிள்ளை?"
வலை தைத்த செபஸ்தியான் கேட்டார்.
கரையே சிரித்தது.
எனக்கு உடனே பதில் வரவில்லை.

பதினொன்று இருபதுக்குக் கோட்டைப் பக்கமிருந்து
மான் ஒன்று வந்தது,
இந்த ஊரில் அதற்கு எந்த வீதியும் சொந்த வீதி.
பேப்பர் உறையை ஆசனப் பலகைச் செய்தி முதல்
மரண அறிவித்தல் வரை தின்றுவிட்டுப் போனது.
கொப்பியில் எழுதினேன்: ஐந்தாவது, மான்.

வெறும் கட்டி ஒன்றேகாலுக்கு முடிந்தது.
சட்டி வழிந்து மணல் குடித்தது; அளவில்லை.
இரண்டு மணிக்கு:
மரத்தூள் அறுநூறு மில்லிலீற்றர்,
கம்பளி ஐந்நூற்றுப் பத்து,
உமி நானூற்று முப்பது,
ரெஜிபோம் அறுநூற்றுத் தொண்ணூறு.

ரெஜிபோமா தோற்றது?
நிஸ்தாரைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான்.
"உருகுதோ எண்டுதான்... ஒரு பத்துப் பதினஞ்சு தரம் துறந்தன்."
அந்த வரியைக் குறுக்கே வெட்டினேன்.

மறுநாள் மூடிமேல் செபஸ்தியானையே இருத்தினோம்.
ரெஜிபோம் முந்நூறு. உமி நானூற்று நாற்பது.
நடுவே ஒரு கிளாஸ் தண்ணீர்கூட இல்லை.
அதற்கு விலை மூவாயிரத்து இருநூறா?
நிஸ்தார் விரல்விட்டு எண்ணினான்,
பிறகு உமிச்சாக்கை முதுகில் போட்டான்.

கம்பளியைப் பிழிந்து காயப்போடும்போதுதான்
நேற்றைய பதில் வந்தது.
அதற்குச் சூடு கொடுக்கத் தெரியாது, அண்ணை.
உள்ளிருப்பதை வெளியே போகவும்
வெளியிலிருப்பதை உள்ளே வரவும் விடாது, அவ்வளவுதான்.
உமியும் அப்படித்தான்,
அதற்குள் பாதிக்கு மேல் காற்று.
வெளியே கச்சான் என்று முகத்தை வறுக்கிற அதே காற்று
ஓடவிடாமல் பிடித்து வைத்தால்
வாசற்காவல் பார்க்கிறது.
சொல்லலாமென்று திரும்பினேன்.
மனிசன் மூடிமேலேயே நித்திரை.

மிஞ்சிய ஐசை உடைத்து
தேசிக்காய் பிழிந்து குடித்தோம்.
என் கிளாசில் மூன்று உமி மிதந்தது.
ஊதி ஒதுக்கினேன்.
மான் திரும்பி வந்து
கொப்பியை மணந்து பார்த்தது.