இரண்டு மாதக் கருப்பு

பதினாறு வருடம் ஓடிய பிளாஸ்மா
ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
'டப்' என்றது. பிறகு இளஞ்சிவப்பு. பிறகு ஒன்றுமில்லை.

அதன் இடது மூலையில் ஒரு கடிகாரக் கட்டம்
கறையாகப் பதிந்துபோயிருந்தது.
பனிச்சறுக்குப் பந்தயங்களை ஓட்வார் அவ்வளவு பார்த்திருந்தான்.
சமையல் நிகழ்ச்சி, பிரதமர், குட்டி போட்ட வெள்ளைக் கரடி,
எது வந்தாலும் அந்த மூலையில்
யாரோ இன்னும் எல்லைக்கோட்டை எட்டாமல்
ஓடிக்கொண்டிருந்தார்.

சூடாகும் பெட்டி அது.
நண்டுப் படகிலிருந்து வந்ததும்
அதன் தலையில் கையுறைகளைக் காயப்போடுவான்.
செய்தி வாசிப்பவரின் நெற்றியில்
இரண்டு கட்டைவிரல்கள் தொங்கும்.

வார்டோவில் டிவிக் கடை இல்லை.
கடலுக்கடியில் சுரங்கம், அப்புறம்
மரமே இல்லாத எழுபத்தைந்து கிலோமீட்டர்,
பனிவாரி வண்டியின் மஞ்சள் விளக்குக்குப் பின்னால்
வரிசையாக ஊர்ந்து வாட்சோ.

கடையில் யார்லே என்கிற பையன்
எங்களுக்காக விளக்குகளைக் குறைத்தான்.
"இது ஓஎல்இடி. இருட்டு வேண்டிய இடத்தில்
ஒவ்வொரு புள்ளியும்
தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்."
ஓட்வார் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான்.
ஒரு கிளி பறந்தது. தேன் வடிந்தது.
கடை டிவிகளில் எப்போதும் தேன் வடிகிறது.
கிளிக்குப் பின்னால் கருப்பு,
கிணற்றுக்குள் இன்னொரு கிணறு வெட்டியதுபோல.

நான் சொன்னேன்:
இந்தக் கருப்பு எங்கள் வாசலிலேயே கிடக்கிறது.
நவம்பர் கடைசியில் இறக்கிவைப்பார்கள்,
ஜனவரி பாதி தாண்டித்தான் எடுத்துப்போவார்கள்.
இருபத்திரண்டாயிரம் குரோனர் கொடுத்து
வீட்டுக்குள்ளும் கொஞ்சம் வேண்டுமா?

யார்லே சிரிக்கவில்லை.
கிளி வேண்டாம், சாம்பல் காட்டு என்றேன்.
கப்பல் கண்காணிப்பு அறையில் எனக்கு இரவு வேலை.
சாம்பல் கடலில் சாம்பல் பனியில் சாம்பல் கப்பல் வரும்.
ஒரு சாம்பலுக்கும் அடுத்த சாம்பலுக்கும் நடுவில்
பதினாலு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அவன் தேடினான். கடையில் சாம்பல் இல்லை.
கடைசியில் எங்கள் ஊர்த் துறைமுகக் கேமராவையே
நேரலையில் போட்டான், இரண்டு டிவியிலும், பக்கத்தில் பக்கத்தில்.
ஓஎல்இடியில் அலைதாங்கி விளக்கு
ஊசி குத்தின துளை மாதிரி நின்றது.
மினி எல்இடியில் அதைச் சுற்றி
மங்கலாக ஒரு வளையம்.
"இதுதான் இதன் குறை," என்றான் தலையைச் சொறிந்து,
"வெளிச்சம் கொஞ்சம் கசியும்."

அந்த விளக்கை முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.
வளையம் இல்லாமல் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஓட்வார் விடவில்லை.
ஜூனில் என்ன செய்வாய், நடுராத்திரியில் வெயில்
சோபாவரை வந்து உட்காரும்,
உன் கருப்பில் பந்து தெரியாது, உன் மூக்குதான் தெரியும் என்றேன்.
"திரை போட்டுக்கொள்ளலாம்."
எதற்கு?
"ஜன்னலுக்கு."
இரண்டு மாதம் காத்திருந்து வருகிற வெயிலுக்கா?
அவன் வாய் திறப்பதற்குள் கடைக்குப் பின்னால்
மூன்றாவது திரையொன்று பாறையில் மோதி உடைந்தது.

பதினாலாயிரத்து முந்நூறு. சுவர்க் கொக்கி தனி.

பழையதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
சுவரில் அது இருந்த இடம் இன்னும்
அறுபத்தெட்டில் அடித்த பச்சைபோல் புதிதாக இருந்தது.
புதியதை மாட்டினோம். பனிச்சறுக்கு ஓடியது,
வெள்ளை வெளேரென்று, மூலைவரை காலியாக.
"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டான்,
யாரைப் பார்த்தும் அல்ல.

ராத்திரி வேலையில், எட்டுத் திரைகளுக்கு நடுவே,
அந்தக் கிணற்றை ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.
தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் புள்ளிகள்.
இதை அவனிடம் சொல்லப்போவதில்லை.

விடியாத காலையில் வீடு திரும்பினால்
புது டிவியின் மேல் கையுறைகள் தொங்குகின்றன.
தொட்டுப் பார்த்தேன். நேற்றைய ஈரம் அப்படியே.
ஓட்வார் ஒன்றும் பேசாமல் எடுத்து
ஒவ்வொரு விரலாக நுழைத்துக்கொண்டு
படகுக்குக் கிளம்பினான்.