நான்கு நட்சத்திரம்

பன்னிரண்டு மாதத்து மின்சார பில்லையும்
ஒரே ரப்பர் வளையத்தில் சுற்றி நீட்டினார்
கட்டடக்காரர் குணரத்தினம்.
"சட்டம் கேக்குது, மிஸ். ஒட்டலன்னா சம்மன் வருமாம்."

பீடோர் பெரிய சாலை. மூன்றடுக்கு.
கீழே பல் கிளினிக்; அதன் ஏர்கோன்
பதினெட்டிலேயே நிற்கிறது,
ரிமோட் தொலைந்து இரண்டு வருடமாம்.
முதல் மாடியில் டியூஷன்.
விசிறிக் காற்றில் பின்னக் கணக்குத் தாள்கள்
பறந்தன, பிள்ளைகள் பிடித்தார்கள்.

நாடாவை இழுத்துப் பரப்பளவு எடுத்தேன்.
யூனிட்டைச் சதுர மீட்டரால் வகுத்தேன்.
இவ்வளவு குறைவா?
மறுபடி வகுத்தேன்.
அதே எண்.

இரண்டாம் மாடிக் கதவைத்
தோளால் தள்ள வேண்டியிருந்தது.
ஈப்போவுக்குப் போய்விட்ட செம்பனைக் கம்பெனியின் அலுவலகம்.
முந்தின வருட நாட்காட்டி.
சம்பளக் கவுண்டரில் மை காய்ந்த முத்திரை.
தரையில் மேசைக் கால்களின் தடம், வரிசை வரிசையாய்.
மீட்டர் மட்டும்
அசையாத நல்ல பிள்ளை.

பாரத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
சிக்கனமா, ஆளில்லையா
என்று கேட்க அதில் கட்டமில்லை.

வாசல் கண்ணாடியில் சான்றிதழ் ஒட்டினோம்.
நான்கு நட்சத்திரம்.
குணரத்தினம் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டார்.
பக்கத்தில் வெயிலில் வெளுத்த இன்னொரு தாள்:
'வாடகைக்கு'.
அதைக் கொஞ்சம் நகர்த்தித்தான்
இதற்கு இடம் செய்தோம்.