பன்னிரண்டு மணியில் ஒரு முடிச்சு

மின்சாரம் விடியும்போதே போய்விட்டது.
மோங்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்
பதினோரு பேர் காத்திருக்கிறோம்.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன பையன்
டீசலோடு வருவானோ
சாக்கோடு வருவானோ.
சாம்பேசியில் வெள்ளம் இந்த வருஷம் முந்திக்கொண்டது.
நான் வந்தது படகில்,
விற்காத மீன் அரைக்கூடை காலடியில்.

போன மாதம் நர்ஸ் இனோங்கே
பஞ்சில் வினிகர் தொட்டு உள்ளே வைத்தாள்.
சிப்ஸ் கடையில் தெளிப்பார்களே, அதே வாசம்.
ஒரு நிமிஷம் எண்ணினாள்.
வெளுத்தது.
"மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை"
என்று எழுதிக்கொண்டாள்.
பஸ் நேரம் என்று நினைத்தேன்.
பிறகு தாளில் வட்டம் போட்டுக் காட்டினாள்.
கர்ப்பப்பை வாயை
கடிகாரமாகத்தான் பார்ப்பார்களாம்.
என்னுடையதில்
பிற்பகல் முழுக்க வெளுத்திருக்கிறது.

"புற்றா?"
"இல்லை. ஆகலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறது."

அதற்கு யோசிக்க அவகாசம் கொடுத்தவள்
என் அக்கா நாசிலேலே.
வாடையை முதலில் மீன் என்றோம்,
அப்புறம் சூனியம் என்றோம்,
கடைசியில் ஒன்றும் சொல்லாமல்
எங்கள் பாய்களைத் தள்ளித் தள்ளிப் போட்டோம்.
புதைத்த அன்று
அவள் பாயை எரித்தவள் நான்.

டீசல் வந்தது.

தொடையில் சில்லென்று ஒரு தகடு ஒட்டினார்கள்.
ஊசி இறங்கியதும்
நெஞ்சு கரையில் போட்ட மீனாய்த் துள்ளியது.
கால்கள் என்னைக் கேட்காமல் நடுங்கின.
"மருந்தின் வேலை, பயமில்லை" என்றார் டாக்டர் லிகாண்டோ.
"இரண்டும்தான்" என்றேன்.

கம்பி ஒன்று, வளையமாக,
என் மோதிரத்தை விட மெலிசு.
அது போனதை நான் பார்க்கவில்லை.
மழை ஒழுகிக் கூரையில் வரைந்திருந்த
மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு உறுமல்.
புகையைக் குழாய் உறிஞ்சியது, முழுசும் இல்லை.
கருகல் மூக்கில் ஏறியபோது
பாய் ஞாபகம் வந்தது.
அது காலம் தப்பி எரிந்த நெருப்பு.

அவ்வளவுதான். கூழ் கொதிக்கும் நேரம்கூட இல்லை.

பார்க்கிறாயா என்றார்கள்.
குப்பிக்குள்
செவுளில் கிள்ளியெடுத்தது போல
கட்டைவிரல் நகமளவு.
அதன் பன்னிரண்டு மணியில்
கறுப்பு நூலால் ஒரு முடிச்சு:
லுசாக்காவில் பார்ப்பவருக்கு
எது மேல், எது கீழ் தெரியவேண்டுமாம்.
பெயர் ஒட்டினார்கள். நமகாவு சித்வாலா, முப்பத்து நான்கு.
நான் போகாத லுசாக்காவுக்கு
அறுநூறு கிலோமீட்டர் பஸ்ஸில்
என்னை விட்டுவிட்டுப் போகிறது என் பிற்பகல்.

"ஆறு வாரம் ஒன்றும் கூடாது" என்றாள் இனோங்கே.
"ஒன்றும் என்றால்?"
"ஒன்றும்."
கம்பி வேலை அவர்களுடையது.
கஷ்டமான பாதியை
சீட்டில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டாள்.

முயுண்டா வலை பின்னிக்கொண்டிருந்தான்.
சீட்டைப் படித்தான். திருப்பினான்.
பின்பக்கம் வெற்று. அதையும் படித்தான்.
"ஆறா?"
"ஆறு."
"நாலு என்று எழுதித் தரமாட்டார்களா?"
சிரித்துவிட்டேன்.
சிரித்ததில் ஏதோ கசிந்து
துணியில் காபித்தூள் நிறத்தில் படர்ந்தது.
அவனும் பார்த்தான்.
எழுந்துபோய்த் தண்ணீர் சுமந்து வந்தான்,
கல்யாணமான பதினாலு வருஷத்தில் முதல் தடவை,
வழியெல்லாம் சிந்திக்கொண்டு.

ஏழாம் வாரம் வெள்ளம் வடியத் தொடங்கியது.
சந்தையில் செதில் சீவும்போது போன்.
"விளிம்பு சுத்தம்" என்றாள் இனோங்கே.
"விளிம்பு என்றால்?"
"வெட்டினதற்கு வெளியே மிச்சமில்லை.
ஆனால் வருஷா வருஷம் வரணும்."

எதிரே நின்ற பெண்
"ஏன் அழுகிறாய்?
நான் இன்னும் விலையே கேட்கவில்லையே" என்றாள்.
முப்பது இருக்கும். முதுகில் குழந்தை.
கத்தியைக் கீழே வைத்தேன்.
"வினிகர் வைத்துப் பார்த்திருக்கிறாயா?" என்றேன்.

"மீனுக்கா?" என்றாள்.